எட்டு முறை இருமிய கன்னியம்மா

புதிதாக ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். வேலை செய்வது எப்படி என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒரு வருடம் உட்கார்ந்து படித்த மரபணு வரிசையை, நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் உங்கள் இயந்திரம் படித்து வைத்துவிடுகிறது. அதனால் வேலையைக் கெடுப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

என் உத்தியோகம் முழுவதும் ஒரே ஒரு மரபணுக் குடும்பத்தோடு போயிற்று. ஆப்சின் என்று பெயர். கண்ணுக்குள் ஒளியைப் பிடிக்கும் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள். முதுகெலும்புள்ள பிராணிகளின் ஆதி மூதாதைக்கே நிறம் பார்க்க நான்கு வகை இருந்தன. பல மீன்களும் கோழியும் அந்த நான்கையும் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கின்றன. நம்முடைய பாலூட்டி முன்னோர்கள், பகலில் டைனோசர்களுக்குப் பயந்து இருட்டில் நடமாடிய காலத்தில், இரண்டைத் தொலைத்துவிட்டார்கள். வெகுகாலம் கழித்து ஏதோ ஒரு குரங்கின் உடம்பில், மிச்சமிருந்த ஒன்று தவறுதலாக இரண்டு பிரதியாகிவிட்டது. ஒரு பிரதி சிவப்பின் பக்கம் சாய்ந்தது, மற்றது பச்சையின் பக்கம் நின்றது. நீங்கள் கடையில் தக்காளியைப் பழமா காயா என்று பார்த்து வாங்குகிறீர்களே, அது அந்தக் குரங்கின் தவறால் வந்த வசதி.

இரண்டு பிரதிகளும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரே அச்சு. அதனால் சில சமயம் ஒன்றோடொன்று குழம்பி ஒட்டிக்கொள்ளும். குழம்பியதைத் தாயிடமிருந்து வாங்கிப் பிறக்கும் மகனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். மகளுக்கு அப்பாவிடமிருந்து இன்னொரு எக்ஸ் வருவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுவாள். இவ்வளவு தெரிந்தால் போதும், இனி வருவது புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். சென்னையில் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் மீன், கோழி, குரங்கு மூன்றின் ஆப்சின்களும் முடிந்து, மனிதன் பாக்கி. நிறக்குருடு உள்ள ஆண்களைக் கண்டுபிடித்து, அவர்களிடம் ரத்தம் வாங்கி வர வேண்டும்.

"உங்க ஊர்ல ஆம்பளைங்க ஒரு எடத்துல பத்து நிமிஷம் உக்காருவாங்களா?" என்று கேட்டார்.

"ஆரணி சார். நாள் பூரா தறியில உக்காந்திருக்கிறவங்க."

"சரி, போ. ஒவ்வொருத்தரையும் தனியா வச்சுச் சோதி. தாள்ல பேர் எழுதாதே, நம்பர் எழுது."

அவர் சொன்ன இரண்டையும் நான் செய்யவில்லை. சொந்த ஊர்தானே, எல்லாரும் தெரிந்த முகம்தானே என்று நினைத்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். என் அப்பா அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊரில் பாதி ஆண்கள் அவரிடம் அடி வாங்கியவர்கள். வாத்தியார் மகள் கூப்பிடுகிறாள் என்றதும் அந்தப் பயத்திலேயே வந்துவிட்டார்கள். வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டுவேன். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். நிறம் தெரிந்தவருக்கு எண் தெரியும், தெரியாதவருக்கு வெறும் புள்ளி.

முதலில் வந்தவர் எல்லா எண்ணையும் கடகடவென்று சொல்லிவிட்டு, "கண்ணாடி எப்போ குடுப்பீங்க?" என்றார்.

"கண்ணாடி இல்லீங்க. இது ஆராய்ச்சி."

"சரி, ஆராய்ச்சி முடிஞ்சதும் குடுப்பீங்களா?"

வரிசை முழுவதும் இதே பேச்சு. ஆராய்ச்சி என்றால் என்னவென்று புரியவைக்க, ஆப்சின் குடும்பத்தின் கதையை அவர்களுக்கும் சொன்னேன். மீன், டைனோசர், குரங்கு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். கோழி வந்த இடத்தில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"கோழிக்கு நம்மளவிட ஒரு கலர் எச்சாத் தெரியும்ன்றீங்க?"

"ஆமாங்க."

"அப்போ நம்ம ஏகாம்பரத்த வூட்டுக்கு அனுப்பிட்டு, சாயப்பட்டறைல ஒரு கோழிய நிறுத்திடலாமே?"

கூடமே சிரித்தது. ஏகாம்பரம் என்பது நான் இங்கே வைத்திருக்கும் பெயர். உண்மைப் பெயர் வேறு. இந்தக் கதையில் வருகிற எல்லாருக்கும் பெயரையும் அடையாளத்தையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும். ஏகாம்பரம் ஐம்பது வயதுக்காரர், ஊரிலேயே பெயர்பெற்ற சாய மாஸ்டர். எந்த நிறத்துக்கு மாதிரி நூலைக் கொடுத்தாலும், அதே நிறத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று பேச்சு. அவருடைய அரக்குச் சிவப்புக்காகவே வெளியூர் வியாபாரிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவரே வந்தார். கூடவே அவர் மனைவி கன்னியம்மா. பட்டறைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அவர்கள் சேர்ந்தேதான் போவார்கள் என்று ஊரில் கொஞ்சம் கேலியாகவே சொல்வார்கள். கன்னியம்மா அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் அட்டை எல்லாருக்குமே தெரியும்படி செய்தது. "பன்னெண்டு" என்றார். இரண்டாவதை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். பின்னால் கன்னியம்மாவுக்கு இருமல் வந்தது. விட்டு விட்டு இருமினார். இருமல் நின்றது.

"எட்டு" என்றார் ஏகாம்பரம்.

சரியான பதில். மூன்றாவது அட்டையில் இருபத்தொன்பது. கன்னியம்மா இரண்டு முறை இருமிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி நீளமாக இருமினார்.

"இருபத்தொம்போது."

அதுவும் சரி. எனக்கு அந்த அம்மாளை நினைத்துக் கவலையாகிவிட்டது. "ஏம்மா, எத்தன நாளா இந்த இருமல்? பெரியாஸ்பத்திரில சளி டெஸ்ட் எடுத்தீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, சாயப் பொகை. நீ காட்டு, ஜல்தியா முடி."

நான்காவது அட்டையில் எழுபத்துநான்கு. ஏழு இருமல் ஒழுங்காக வந்தது. ஆனால் அதற்குள் பாவம், தொண்டை உண்மையாகவே கமறிவிட்டது. நாலில் நிறுத்த வேண்டியவரால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வர இருமிக்கொண்டே இருந்தார். ஏகாம்பரம் விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் கொஞ்சம் சந்தேகத்தோடு சொன்னார்:

"எழுபத்திப் பதினொண்ணு."

நான் அதை எழுதியும்விட்டேன். அப்படி ஓர் எண் கிடையாது என்பது கணக்கு வாத்தியார் மகளுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

கன்னியம்மாவைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். மறுபடி அட்டைகளைக் காட்டினேன். முதல் அட்டைக்குப் பிறகு அவரால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண்டபத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராண்டயும் சொல்லிடாதம்மா" என்றார். "இருபத்தெட்டு வருசமா ஓட்டிகினு வரேன்."

"அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்தன்னிக்கே கண்டுபுடிச்சிட்டா. பச்சப் பொடவ கட்டிகினு இருந்தா. நானு, 'செவப்பு உனுக்கு எடுப்பா கீது'ன்னேன். அவங்க அப்பாவும் சாயக்காரரு. ஒடனே புரிஞ்சிகினா. நானா தொட்டிலருந்து நூலத் தூக்கிக் காட்டுவேன். அவ ஒரு தபா இருமுனா இன்னும் வோணும். ரெண்டு தபா இருமுனா போதும்."

சூடு, நேரம், நூல் சாயத்தைக் குடிக்கும் பக்குவம், பளபளப்பு எல்லாம் அவர் கையில். நிறம் மட்டும் அந்த அம்மாளின் தொண்டையில். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"எம்பொண்ணுக்கு வருமா? அடுத்த மாசம் கல்யாணம்."

"உங்க பொண்ணுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனா உங்ககிட்டருந்து அந்த மரபணு அதுகிட்டப் போயிருக்கும். அதுக்குப் பொறக்கற பையனுங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். ரத்தம் எடுத்துக்கொண்டேன். தாளில் அவர் பெயருக்கு நேரே 'சிவப்பு, பச்சை தெரியவில்லை' என்று தமிழில், தெளிவான கையெழுத்தில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அதுவும் வினையாயிற்று.

அந்தச் சாயங்காலம் தாளைப் பிரதி எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்புவதற்காக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முதல் பிரதி கறுப்படித்து வந்தது. கடைக்காரர் அதைக் கசக்காமல் ஓரமாகப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தார். நான் நல்ல பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடையின் பழைய காகிதமெல்லாம் பக்கத்து டீக்கடைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஏகாம்பரத்துக்கு நூல் கொடுத்து வாங்கும் பட்டு முதலாளி மண்டபத்துக்கு வந்தார். பின்னால் அவருடைய கணக்கப்பிள்ளை. முதலாளி மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். வாழைக்காய் பஜ்ஜி மடித்த காகிதம். நடுவில் எண்ணெய் வட்டம். அந்த வட்டத்துக்குள், எண்ணெய் ஊறியதால் முன்னைவிடத் தெளிவாக, என் அழகான கையெழுத்து.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க."

"பெரிய எடத்துக் கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்துகினு வந்திருக்கேன். அத்தன பொடவையும் ஒரே அரக்கு. மொத்த நூலும் அவன் தொட்டில கீது. இதுல எழுதியிருக்கறது நெசமா, பொய்யா? ஒரே வார்த்தை சொல்லுங்க, போதும்."

பொய் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவர் குரலைக் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். "ஒரு மணி நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார். பஜ்ஜி வந்த இடத்தில் ஒரு முறை மூச்சு விட்டார்.

"பேர் எழுதினியா?"

"எழுதினேன் சார்."

"இப்ப பொய் சொல்லலாம்னு இருக்கியா?"

"ஆமா சார்."

"சொன்னா, நீ கொண்டு வர்ற மத்த தாளை நான் எப்படி நம்பறது? உண்மையைச் சொன்னியோ, அந்த மனுஷனைக் காட்டிக் குடுத்தவளாயிடுவே. ரெண்டுக்கும் உனக்கு உரிமை கிடையாது."

"அப்ப என்ன சார் பண்றது?"

"விஷயம் யாருது? அவருது. அவர்கிட்டப் போய் மன்னிப்புக் கேளு. என்ன செய்யணும்னு அவர் சொல்லட்டும்." வைத்துவிட்டார்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அறிவுரை அது. அப்போது மிக மோசமானதாகத்தான் தோன்றியது. முதலாளியிடம் போய், "தாளில் இருக்கிறதைப் பற்றி நான் பேச முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே நடந்து சாயப்பட்டறைக்குப் போனேன்.

ஏகாம்பரம் தொட்டியருகே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த கோல் மெல்லச் சாய்ந்து தொட்டியின் விளிம்பில் நின்றது. ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். பேசியது கன்னியம்மாதான்.

"ஏங்கண்ணு, பஜ்ஜி மடிக்கறதுக்கா அவ்ளோ அழகா எழுதுன?"

"தப்புப் பண்ணிட்டேம்மா."

"பண்ணிட்ட. இப்ப அழுது இன்னா ஆவப்போவுது? அந்தாளு இன்னா கேட்டாரு?"

"நெசமா பொய்யான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"சொல்ல மாட்டேன்னுட்டேன்."

கன்னியம்மா கணவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம், "நாளிக்குக் காலைல வரச் சொல்லும்மா. நானே சொல்லிடறேன். இருமி இருமி இவளுக்கும் தொண்ட போயிடுச்சி" என்றார்.

மறுநாள் காலை நல்ல வெயில். பட்டறை முற்றத்தில் மூங்கில் கொடிகளில் நூல் கட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. புடவையின் உடலுக்கு அரக்கு, கரைக்குக் கரும்பச்சை. முதலாளி கணக்கப்பிள்ளையோடு வந்தார். கையில் வாடிக்கையாளர் கொடுத்த, அரக்கு நிறத்துக்கான மாதிரி நூல். நான் மூலையில் நின்றேன்.

ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"மொதலாளி, தாளுல இருக்கறது நெசம். எனுக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. பொறந்ததுலருந்தே. இத்தினி வருசம் நீங்க வாங்கிகினு போனது என் கையி, இவ கண்ணு."

முதலாளி கன்னியம்மாவின் பக்கம் திரும்பினார். "அப்போ இத்தன நாளா பக்கத்துல நின்னு இருமிகினு இருந்தது..."

"கலர் சொல்லிகினு இருந்தேங்க" என்றார் கன்னியம்மா.

"இன்னாய்யா இது பேஜாரு! அந்தப் பெரிய எடத்துக் கல்யாணத்துக்குப் போயி எவன் பதில் சொல்றது? எங்க, நூலக் காட்டு! நானே பாக்கறேன். என்னிய ஏமாத்த முடியாது."

விறுவிறுவென்று கொடிக்குப் போனார். ஒரு நூல் கட்டை உருவினார். மாதிரியை அதன்மேல் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

"ம். பரவால்ல. அச்சு அசலா ஒத்துப் போவுது."

அவர் கையில் இருந்தது கரும்பச்சை.

கணக்கப்பிள்ளை வானத்தில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அது புதுச் செய்தி அல்ல என்பது அந்தக் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கோ வாய் தானாகத் திறந்துகொண்டது. ஒரே வாரத்தில் இன்னொருவர்! என் நாக்கு நுனிக்கு வந்த வார்த்தை 'சார், நீங்களும் ஒரு சொட்டு ரத்தம்' என்பது. இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. முதல் நாள்தான் ஒரு மனிதரை எண்ணெய்க் காகிதத்தில் ஏற்றிவிட்டு அழுதவள் நான்.

நான் பேசுவதற்குள் கன்னியம்மா முன்னால் போய்விட்டார்.

"மொதலாளி, மூஞ்சிக்கு நேரா வெயிலடிக்குது, கண்ணு கூசும். நெழலுக்கு வாங்க." அவர் கையிலிருந்த பச்சைக் கட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டே, கொடியிலிருந்து ஓர் அரக்குக் கட்டை எடுத்து, அதே கட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவரிடம் கொடுத்தார். "இப்போ பாருங்க."

முதலாளி நிழலில் நின்று பார்த்தார். நூலைவிடக் கன்னியம்மாவின் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. நெழல்ல சரியாத் தெரியுது." மாதிரி நூலை ஏகாம்பரத்திடம் நீட்டப் போனவர், கையைத் திருப்பி அந்த அம்மாளிடம் கொடுத்தார். "யாரு கண்ணா இருந்தா இன்னா, வேல சுத்தமா கீது. மிச்ச நூலையும் இவங்களே பாத்துக்கட்டும்."

அவர்கள் போன பிறகு கன்னியம்மா என் பக்கம் திரும்பினார். பச்சைக் கட்டை மறுபடி கொடியில் போட்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். எதைப் பார்த்தேன் என்பதை அன்று என் நோட்டில் எழுதவும் இல்லை.

உங்களுக்கு இரகசியம் காப்பது பற்றி விதிமுறைகள், கையெழுத்துப் படிவங்கள் எல்லாம் இருக்கின்றன. நல்லது, ஒழுங்காக நிரப்புங்கள். ஆனால் படிவம் எதுவும் இல்லாத இடத்தில்தான் உங்களுக்குச் சோதனை வரும். ஒரு புதிய விஷயம் கண்ணில் பட்டதும் நம் துறையில் உள்ளவர்களுக்கு வாய் அரிக்கும். அந்த நேரத்தில் எதிரே நிற்கிற மனிதரை முதலில் பாருங்கள். நான் படித்துத் தெரிந்துகொள்ளாததை அந்த அம்மாள் பச்சை நூல் கட்டோடு செய்து காட்டினார்.

அன்று மாலையே பட்டியலில் இருந்த எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும், மன்னிக்கிறேன், ஆனால் கண்ணாடி எப்போது என்றார்.

பிறகு அந்தக் குடும்பத்தோடு எனக்கு நெருக்கம் உண்டாயிற்று. என்னுடைய புள்ளி அட்டைகளைக் கன்னியம்மா ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவா பெரிய சோதனை?" என்றார். சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடியும் ஒரு நூல் வரிசையைத் தானே சாயம் போட்டுக் கொடுத்தார். அத்தனை நூலும் ஒரே அளவு வெளுப்பு, ஒரே அளவு பளபளப்பு. பளபளப்பைப் பார்த்துக்கொண்டவர் ஏகாம்பரம். எந்தெந்த நிறங்கள் ஒருவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன என்பதை அந்த வரிசை துல்லியமாகக் காட்டியது. அட்டைகள் சொல்லாததை எல்லாம் சொன்னது. அடுத்த ஆண்டுகளில் நான் சோதித்தவர்கள் அனைவரும் அந்த நூலைத்தான் பார்த்தார்கள், ஒவ்வொருவராக, தனித்தனியாக.

ஏகாம்பரத்தின் ரத்தத்தில் நாங்கள் கண்டது இது: சிவப்புக்கான மரபணு இருக்க வேண்டிய இடத்தில், முன்பாதி சிவப்பும் பின்பாதி பச்சையுமாக ஒட்டிப்போன ஒரு கலவை. எந்தத் தவறு ஒரு குரங்குக்கு நிறத்தைக் கொடுத்ததோ, அதே வகைத் தவறு மறுபடி நடந்து இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கட்டுரை இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் வெளிவந்தது. அதில் அவர் ஓர் எண் மட்டுமே.

தனக்கும் அப்படி எண் போடுவதைக் கன்னியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அவருக்கு நம்பர் போடு, அது அவரு இஷ்டம். எனுக்கு நம்பர் வோணாம். பேரு போடு. ஊருக்கே அவரு பேருதான் இத்தினி வருசம் தெரிஞ்சிது." நன்றி சொல்லும் பகுதியில் அவருடைய உண்மைப் பெயரைப் போட்டோம், நூல் வரிசையை உருவாக்கியவர் என்று. பேராசிரியர் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அந்த அனுமதி கட்டுரைக்கு மட்டும் கொடுத்தது. நான் உங்களிடம் கதை பேசுவதற்குக் கொடுத்தது அல்ல, அதனால்தான் இங்கே வேறு பெயர்.

பத்திரிகை வந்ததும் எடுத்துக்கொண்டு ஆரணிக்குப் போனேன். பட்டறையில் இருவரும் இருந்தார்கள். பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். கன்னியம்மா கையைத் துடைத்துவிட்டு விரலை அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பக்கங்களைத் திருப்பத் தொடங்கினார். முதலிலிருந்து கடைசிவரை திருப்பினார். மறுபடி பின்னாலிருந்து திருப்பினார்.

"ஏங்கண்ணு, கலரப் பத்தி எழுதுனதுன்னுதானே சொன்ன?"

"ஆமாம்மா."

"ஒரு எடத்துலயும் கலரே காணோமே? எல்லாம் கறுப்பும் வெள்ளையுமா கீது."

"அந்தப் பத்திரிகை அப்படித்தான் அச்சாகும்மா" என்றேன். ஏகாம்பரம் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். படங்கள் இருந்த பக்கத்தை விரித்து நன்றாகப் பார்த்தார்.

"எனுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது" என்றார்.